அந்த லாயத்தில் எந்தக் குதிரை நின்றது?



லண்டனின் ஹாரோவிலோ ஈஸ்ட் ஹாமிலோ பல காலம் கடை நடத்தியோ வேலை பார்த்தோ களைத்தபின், இனி கொஞ்சம் மண்ணோடு இருக்கவேண்டும் என்று இங்கிலாந்தின் நாட்டுப்புறத்தில் நாலைந்து ஏக்கர் தேடும் குடும்பங்கள் என்னிடம் வருகின்றன. இந்த அவையிலும் அப்படிச் சிலர் இருக்கிறீர்கள். நிலம் பார்க்கப் போகும் இடத்தில் எல்லோர் கண்ணும் ஒரே மூலையில் போய் நிற்கும். அங்கே ஒரு பழைய குதிரை லாயம் இருக்கும். செங்கல் சுவர், ஓட்டுக் கூரை, மேற்பாதி கீழ்ப்பாதி தனித்தனியாகத் திறக்கும் கதவுகள். குதிரை போய் வெகுகாலம் ஆகியிருக்கும். “இதை ஒரு வீடாக்கிவிடலாமே” என்பார் கணவர். “அம்மா ஊரிலிருந்து வந்தால் தங்க ஓர் அறை போதும்” என்பார் மனைவி. “லீவுக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடலாம்” என்பான் மகன். மூன்றுமே நல்ல யோசனைகள். ஆனால் சட்டத்தில் மூன்றுக்கும் வழி வேறு வேறு. இன்று முதல் இரண்டை மட்டும் பார்ப்போம்.

இன்று நான் அழுத்திச் சொல்ல வந்தது ஒன்றுதான். ஒரு லாயத்தை என்னவாக மாற்றலாம் என்பதில் பாதியை அதன் சுவரும் கூரையும் சொல்லும். மீதிப் பாதியை, அங்கே நின்ற குதிரை என்ன வேலை செய்தது என்பது சொல்லும். வரைபடம் போட ஆளைக் கூப்பிடுவதற்கு முன்னால் அந்தக் குதிரையின் கதையைத் தேடி எடுங்கள். நான் சொல்லப்போகும் விதிகள் இங்கிலாந்துக்கு உரியவை. ஸ்காட்லாந்துக்கும் வேல்ஸுக்கும் தனித்தனி விதிகள் உண்டு. எல்லை தாண்டி நிலம் வாங்குகிறவர்கள் இந்தப் பேச்சை நம்பி அங்கே இறங்கவேண்டாம்.

கொஞ்சம் பின்னோக்கிப் போகவேண்டும். 1947ஆம் ஆண்டின் நகர, நாட்டுப்புறத் திட்டச் சட்டம் 1948 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அன்றுமுதல் இந்த நாட்டில் நிலத்தின் சொந்தக்காரர் என்பதால் மட்டும் ஒருவர் அதில் கட்டடம் எழுப்பிவிட முடியாது. திட்ட அனுமதி வேண்டும். இப்போது நடப்பில் இருப்பது 1990ஆம் ஆண்டுச் சட்டம், ஆனால் அடித்தளம் அதே 1947தான். அனுமதி தேவைப்படும் செயல்கள் இரண்டு வகை. ஒன்று கட்டுமான வேலை. மற்றொன்று, ஒரு செங்கல்லைக்கூட நகர்த்தாமல் இடத்தின் பயன்பாட்டைக் குறிப்பிடத்தக்க அளவு மாற்றுவது. கட்டடத்தைத் தொடவே இல்லையே, எதற்கு அனுமதி என்று கேட்கிறவர்கள் இந்த இரண்டாவது வகையைத்தான் மறந்துவிடுகிறார்கள்.

வேளாண்மைக்கு மட்டும் சட்டம் பெரிய விலக்கு கொடுத்தது. போர் முடிந்த சமயம், உணவு இன்னும் ரேஷனில் இருந்தது. உழவரின் கையைக் கட்டிப்போடக் கூடாது என்று நினைத்தார்கள். நிலத்தையும் அதோடு சேர்ந்த கட்டடத்தையும் வேளாண்மைக்குப் பயன்படுத்தத் திட்ட அனுமதியே வேண்டாம் என்றார்கள். வேளாண்மைக்குள் எந்த விலங்குகள் வரும் என்றும் எழுதிவைத்தார்கள். உணவுக்காகவோ, கம்பளிக்காகவோ, தோலுக்காகவோ வளர்க்கப்படும் விலங்குகள் வரும். நிலத்தில் உழவு வேலை செய்ய வைத்திருக்கும் விலங்குகளும் வரும். 1947இல் இங்கிலாந்துப் பண்ணைகளில் டிராக்டர் வந்துவிட்டது என்றாலும் குதிரை இன்னும் போய்விடவில்லை. ஏர் இழுத்த குதிரை, வைக்கோல் வண்டி இழுத்த குதிரை, இவை நின்ற லாயம் சந்தேகமில்லாமல் வேளாண் கட்டடம்.

சவாரிக்கு வைத்திருக்கும் குதிரையின் கதை வேறு. அதை உண்பதில்லை, அது கம்பளி தருவதில்லை, ஏர் இழுப்பதில்லை. 1962இல் பெல்மான்ட் பண்ணை வழக்கில் நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. தாண்டும் போட்டிகளுக்காகக் குதிரைகளை இனப்பெருக்கம் செய்து பழக்குவது வேளாண்மை ஆகாது என்பது தீர்ப்பு. 1981இல் சைக்ஸ் வழக்கு வந்தது. அங்கே கேள்வி மேய்ச்சலைப் பற்றியது. புல் தின்னட்டும் என்று குதிரையைப் புல்வெளியில் அவிழ்த்துவிட்டிருந்தால் அது மேய்ச்சல், மேய்ச்சல் என்றால் வேளாண்மை. குதிரையை விளையாட்டுக்காக அங்கே வைத்து, வேறு தீவனம் போட்டு வளர்த்து, அது நடுவில் நாலு வாய் புல்லைக் கடித்தால் அது மேய்ச்சல் ஆகாது. இதன் விளைவைப் பாருங்கள். ஒரே குதிரை காலையில் வயலில் மேயும்போது வேளாண்மைக்குள் இருக்கிறது. மாலையில் லாயத்துக்குள் வந்து மூட்டைத் தீவனம் தின்னும்போது வெளியே போய்விடுகிறது. அதனால்தான் சிறுபண்ணை விற்பனை விளம்பரத்தில் “வேளாண் நிலம், லாயத்துடன்” என்று எழுதியிருந்தால் அந்தக் கடைசிச் சொல்லில் உங்கள் கவனம் நிற்கவேண்டும்.

இந்த வேறுபாடு வழக்கறிஞர்களின் புத்தகத்தில் மட்டும் இருந்தால் நான் இவ்வளவு நேரம் எடுத்திருக்கமாட்டேன். 2014 ஏப்ரலில் இங்கிலாந்து அரசு ஒரு புதிய உரிமையைக் கொடுத்தது. பழைய வேளாண் கட்டடங்களை, முழுத் திட்ட அனுமதி இல்லாமலே, கவுன்சிலின் ‘முன் ஒப்புதல்’ மட்டும் பெற்று வீடாக மாற்றலாம் என்ற உரிமை அது. 2015ஆம் ஆண்டு ஆணையில் அதற்கு ‘க்யூ வகுப்பு’ என்று பெயர். நாட்டுப்புறத்தில் நிலம் வைத்திருப்பவர்களிடையே இன்று அதிகம் அடிபடும் பெயர் இதுதான். முன் ஒப்புதலில் கவுன்சில் எல்லாவற்றையும் கிளற முடியாது. பாதை, சத்தம், மண்ணில் நச்சு, வெள்ளம், இடம் வசிக்க ஏற்றதா, வெளித்தோற்றம், அறைகளுக்கு இயற்கை வெளிச்சம் என்று குறிப்பிட்ட சிலவற்றை மட்டும்தான் பார்க்கலாம். 56 நாளில் பதில் சொல்லவேண்டும். நாட்டுப்புறத்தில் புதிய வீடு வேண்டாம் என்ற உள்ளூர்க் கொள்கையை மட்டும் காட்டி மறுக்க முடியாது.

இந்த வாசல் வேளாண் கட்டடத்துக்குத்தான் திறக்கும். முதல் பத்தாண்டு இருந்த விதிப்படி, 2013 மார்ச் 20 அன்று அந்த இடம் வேளாண்மைக்கு மட்டுமே பயன்பட்டிருக்கவேண்டும். அன்று காலியாக இருந்திருந்தால், கடைசியாக எதற்குப் பயன்பட்டது என்று பார்த்தார்கள். ஐந்து அறைகள் உள்ள லாயம், நான்கில் கன்றுகளும் தீவனமும், ஐந்தாவதில் உழவரின் மகளுடைய குட்டைக் குதிரை என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் குட்டைக் குதிரை ஒன்றே உரிமையைத் தட்டிவிடப் போதுமாக இருந்தது.

2024 மே 21 முதல் இந்த விதியைத் திருத்தி எழுதியிருக்கிறார்கள். இப்போது முக்கியமான நாள் 2023 ஜூலை 24. அந்த நாளில் நடப்பிலுள்ள வேளாண் அலகின், அதாவது இயங்கும் பண்ணையின், பகுதியாக இருந்த கட்டடம் தகுதி பெறலாம். முன்பு பண்ணையின் பகுதியாக இருந்து, அந்த நாளுக்கு முன்பே பிரிந்துபோன கட்டடமும் தகுதி பெறலாம். இது பெரிய தாராளம். சிறுபண்ணை வாங்குகிறவர்களில் பலர் இந்த இரண்டாவது வகையில்தான் வருவார்கள். பெரிய பண்ணை ஒன்று துண்டு துண்டாக விற்கப்பட்டபோது, கொஞ்சம் வயலும் பழைய முற்றமும் தனியாகப் பிரிந்திருக்கும். அவர்களுக்கு ஒரு நிபந்தனை உண்டு. பிரிந்த நாளிலிருந்து அந்த இடம் வேளாண்மை அல்லாத எதற்கும் பயன்பட்டிருக்கக் கூடாது. சும்மா கிடந்திருந்தால் பாதகமில்லை. சிலந்தி வலை பின்னிக் கிடந்த லாயம் தப்பிக்கும். பக்கத்து வீட்டுப் பெண்ணின் குதிரைக்கு ஒரு கோடையில் இடம் கொடுத்த லாயத்தின்மேல் கேள்வி விழும்.

இன்னொரு கண்ணியும் இருக்கிறது. இந்த ஆணையைப் பொறுத்தவரை வேளாண் கட்டடம் என்றால் தொழிலாக, வியாபாரமாக நடக்கும் வேளாண்மைக்குப் பயன்பட்டது என்று பொருள். வீட்டுச் சமையலுக்கு நாலு கோழி, இரண்டு ஆடு, கொஞ்சம் உருளைக்கிழங்கு என்று வளர்த்தவரின் கொட்டகை இதில் தேறாது. முட்டை விற்ற கணக்கு, ஆட்டுக்குட்டி சந்தைக்குப் போன ரசீது, பண்ணைக்கு அரசு கொடுத்திருக்கும் பதிவு எண், வைக்கோல் வாங்கிய பில், இவையெல்லாம் வீட்டுப் பத்திரத்துக்கு நிகரான காகிதங்கள். நிலம் வாங்கும்போதே விற்பவரிடம் கேட்டு வாங்கி வையுங்கள். அவர் இடம் பெயர்ந்துவிட்டால் அந்தக் காகிதங்களும் குப்பைக்குப் போய்விடும்.

அளவு பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். புதிய விதிப்படி ஓர் அலகில் 10 வீடுகள் வரை, ஒவ்வொன்றும் 150 சதுர மீட்டருக்குள், மொத்தம் 1,000 சதுர மீட்டருக்குள். சிறுபண்ணை லாயம் இந்த உச்சவரம்பை எட்டிப் பார்க்கவே பார்க்காது. உங்களுக்குச் சிக்கல் எதிர்ப்பக்கம். குதிரை அறை ஒன்று வழக்கமாக 12 அடிக்கு 12 அடி, ஏறத்தாழ 13 சதுர மீட்டர். தேசிய இட அளவு விதிப்படி ஒருவர் வசிக்கும் மிகச் சிறிய வீடே 37 சதுர மீட்டர் இருக்கவேண்டும், ஒரே படுக்கையறையில் இருவர் என்றால் 50. மூன்று அறையும் சேணம் வைக்கும் அறையும் வரிசையாக இருந்தால் கணக்கு ஏதோ ஒப்பேறும். சுவரின் உட்பக்கம் குளிர்காப்புப் பலகை அடித்தால் நாலு பக்கமும் இடம் குறையும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். இரண்டு அறை லாயத்தை வைத்துக்கொண்டு வீடு கனவு காண்பவரிடம் இதை முதல் நாளே சொல்லிவிடவேண்டும். தோட்டமும் கட்டடத்தின் தரைப்பரப்பைவிடப் பெரிதாக இருக்க முடியாது. 60 சதுர மீட்டர் லாயத்துக்கு அதிகபட்சம் 60 சதுர மீட்டர் வெளி. காரும் துணிக்கொடியும் குழந்தையின் ஊஞ்சலும் அதற்குள்தான். மிச்ச நாலு ஏக்கரும் உங்களுடையதுதான், ஆனால் அது வயலாகவே இருக்கவேண்டும்.

தேசியப் பூங்காக்கள், தேசிய நிலக்காட்சிப் பகுதிகள், பாதுகாக்கப்பட்ட ஊர்ப்பகுதிகள், உலகப் பாரம்பரிய இடங்கள் ஆகியவற்றுக்குள் க்யூ வகுப்பு கிடையாது. பட்டியலிட்ட பாரம்பரியக் கட்டடத்துக்கும் கிடையாது. காட்ஸ்வோல்ட்ஸிலும் சவுத் டவுன்ஸிலும் கல்லால் கட்டிய அழகான லாயங்களைப் பார்த்து மனம் பறிகொடுப்பவர்கள் இதை நினைவில் வைக்கவேண்டும். பழைய லாயங்களில் இன்னொரு விஷயமும் ஒளிந்திருக்கும். பட்டியலிட்ட வீட்டின் வளாகத்துக்குள் 1948 ஜூலை 1க்கு முன்பிருந்து நிற்கும் துணைக்கட்டடமும் பட்டியலில் சேர்ந்ததாகவே சட்டம் கருதும். பெயர் எங்கும் தனியாக எழுதப்பட்டிருக்காது. அதில் அனுமதி இல்லாமல் தீவனத் தொட்டியைப் பெயர்த்தெடுப்பதுகூடக் குற்றமாகலாம். அந்தக் குற்றத்துக்குக் காலக்கெடுவும் இல்லை.

மாற்றுவது வேறு, இடித்துக் கட்டுவது வேறு. 2016இல் ஹிபிட் வழக்கில் உயர் நீதிமன்றம் இந்தக் கோட்டை அழுத்தமாகப் போட்டது. மூன்று பக்கம் திறந்து கிடந்த இரும்புச் சட்டக் கொட்டகைக்குப் புதிதாகச் சுவர் எழுப்பினால் அது மாற்றம் இல்லை, புதுக் கட்டடம். கதவு, ஜன்னல், கூரை, வெளிச்சுவர் வேலைகளைத் தேவையான அளவுக்குச் செய்துகொள்ளலாம், ஆனால் அடிப்படையில் கட்டடம் ஏற்கெனவே வீட்டைத் தாங்கத் தக்கதாக இருக்கவேண்டும். இங்கே பழைய செங்கல் லாயம் ஜெயிக்கும். கடந்த முப்பது நாற்பது ஆண்டுகளில் பலகையால் அடித்து, கான்கிரீட் தளத்தின்மேல் உட்காரவைத்த லாயங்கள் பெரும்பாலும் தோற்கும். நாலு ஆணியைக் கழற்றினால் லாரியில் ஏறிவிடும் கட்டடத்தை வீடு என்று யாரும் ஒப்புக்கொள்ளமாட்டார்கள்.

சரி, சவாரிக் குதிரை நின்ற லாயம், அல்லது தேசியப் பூங்காவுக்குள் இருக்கும் லாயம். வழியே இல்லையா? இருக்கிறது. முழுத் திட்ட அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். ஒதுங்கிய இடத்தில் வீடு கூடாது என்பது தேசியக் கொள்கை. அதற்கு வைத்திருக்கும் விலக்குகளில் ஒன்று, பயன்படாமல் கிடக்கும் கட்டடத்தை மீண்டும் பயன்படுத்தி அதன் சுற்றுப்புறத்தையும் மேம்படுத்துவது. குதிரை என்ன வேலை செய்தது என்று அங்கே கேட்பதில்லை. நகரங்கள் பரவாமல் தடுக்க ஒதுக்கிய கிரீன் பெல்ட்டுக்குள்ளும், கட்டடம் நிரந்தரமாகவும் திடமாகவும் இருந்து, நிலத்தின் திறந்தவெளித்தன்மை கெடாமல் இருந்தால், மறுபயன்பாட்டுக்கு இடம் உண்டு. ஆனால் உள்ளூர்த் திட்டம் தன் விருப்பத்தைச் சொல்லும். சில கவுன்சில்கள், பட்டறையோ அலுவலகமோ வர வாய்ப்பிருக்கிறதா என்று குறிப்பிட்ட காலம் விளம்பரம் செய்து பார்த்த பிறகே வீட்டைப் பற்றிப் பேசு என்பார்கள். நீங்கள் மர வேலைப் பட்டறையோ தயிர் தயாரிக்கும் சிறு கூடமோ வைக்க நினைத்தால் இதே கொள்கை உங்களுக்குச் சாதகம். வீடு ஒன்றையே நினைத்துக்கொண்டிருப்பவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள்.

லாயம் கட்டியபோது கொடுத்த பழைய அனுமதிக் கடிதத்தையும் தேடிப் படியுங்கள். பெரும்பாலான கவுன்சில்கள் இணையத்தில் வைத்திருக்கின்றன. அதில் “சொந்தக் குதிரைகளுக்கு மட்டும், கூலிக்குப் பிறர் குதிரையை வைக்கக் கூடாது” என்று இருக்கும். சிலவற்றில் “குதிரை வைப்பதை நிறுத்தினால் கட்டடத்தை அகற்றி நிலத்தைப் பழையபடி ஆக்கவேண்டும்” என்றே இருக்கும். அந்த ஒரு வரி இருந்தால், மாற்றும் உரிமை இருக்கட்டும், நின்றுகொண்டிருக்கும் உரிமையே அந்த லாயத்துக்கு இல்லை.

அம்மாவுக்கு அறை என்று கேட்டாரே, அவருக்கு வருகிறேன். லாயம் வீட்டின் மனைக்குள், வீட்டோடு ஒட்டிய முற்றத்தில் இருந்தால், இதுதான் எல்லாவற்றிலும் எளிய வழி. வீட்டு வாழ்க்கையின் ஒரு பகுதியாக அதைப் பயன்படுத்துவது பயன்பாட்டு மாற்றமே ஆகாமல் போகலாம். அம்மா அங்கே உறங்கி, பெரிய வீட்டில் சேர்ந்து சாப்பிட்டு, பேரக்குழந்தைகளைப் பார்த்துக்கொண்டு இருந்தால் அது ஒரே குடும்பம், ஒரே வீடு. அந்த அறையில் சின்ன அடுப்பும் குளியலறையும் இருப்பதாலேயே அது தனி வீடாகிவிடாது என்று 1992இல் அட்டில்ஸ்ஃபோர்ட் வழக்கில் தீர்ப்பு வந்தது. வெளியே புது ஜன்னல் வைப்பது போன்ற வேலைக்குத் தனியாக அனுமதி வேண்டியிருக்கலாம். அம்மா ஊருக்குத் திரும்பியதும் அந்த அறையை அந்நியருக்கு வாடகைக்கு விட்டால் அந்தக் கணமே கதை மாறும். லாயம் வேலிக்கு அப்பால் வயலில் இருந்தாலும் இந்த வழி கிடையாது. வேலியை இரண்டு கஜம் நகர்த்திப் புல்லை வெட்டிப் பூச்செடி நட்டால் வயல் மனையாகிவிடாது. அதுவே அனுமதி தேவைப்படும் மாற்றம்.

இங்கே ஒரு கெட்ட ஆலோசனையைப் பற்றிச் சொல்லியாகவேண்டும். “சத்தமில்லாமல் குடியேறிவிடுங்கள், நாலு வருஷம் போனால் கவுன்சில் ஒன்றும் செய்ய முடியாது” என்று சொல்கிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. அந்த நாலு வருஷம் இங்கிலாந்தில் போய்விட்டது. 2024 ஏப்ரல் 25 முதல் எல்லா மீறலுக்கும் பத்து வருஷம். அதற்கு முன்பே முடிந்த கட்டடத்துக்கும் முன்பே நடந்த குடியேற்றத்துக்கும் மட்டும்தான் பழைய கணக்கு. ஒளித்துவைத்தால் காலக்கெடுவும் காப்பாற்றாது. வெல்வின் ஹாட்ஃபீல்ட் கவுன்சிலின் வழக்கு 2011இல் உச்ச நீதிமன்றம் வரை போனது. வைக்கோல் கொட்டகைக்கு அனுமதி வாங்கி, வெளியே கொட்டகையாகவும் உள்ளே முழு வீடாகவும் கட்டி, நாலு வருஷம் கழித்துச் சான்றிதழ் கேட்டார்கள். ஏமாற்றினவர் அந்த ஏமாற்றிலிருந்தே பலன் பெற முடியாது என்று நீதிமன்றம் மறுத்தது. சர்ரேயில் ஓர் உழவர் கோட்டை போன்ற வீட்டைக் கட்டி 2006 வரை அதை வைக்கோல் கட்டுகளுக்குப் பின்னால் மறைத்துக் குடியிருந்தார். 2016இல் அந்த வீடு இடிக்கப்பட்டது. மறைக்காமல், பத்து வருஷமும் இடைவிடாமல், ஆதாரத்தோடு பயன்படுத்தியவர்களுக்குச் சட்டப்படியான பயன்பாட்டுச் சான்றிதழ் என்ற நேர்மையான வழி இருக்கிறது. மின்சார பில், கவுன்சில் வரி, தேதியிட்ட வான்படம், அக்கம்பக்கத்தார் உறுதிமொழி கொடுத்து எழுதிய வாக்குமூலம், இவற்றை வைத்துப் பேசவேண்டும். உங்களுக்கு முந்தைய சொந்தக்காரர் லாயத்தைப் பத்து வருஷத்துக்கும் மேல் பட்டறையாக வைத்திருந்தால் இந்தச் சான்றிதழே உங்களுக்கு முதல் படி ஆகலாம்.

இனி லாயத்துக்குள் போவோம். நான் பார்த்த ஒன்றை நினைவிலிருந்து சொல்கிறேன். தரை முழுக்க ஸ்டாஃபோர்ட்ஷயர் நீலச் செங்கல். குளம்பு வழுக்காமலிருக்கவும் மூத்திரம் வழிந்தோடவும் ஒவ்வொரு கல்லிலும் பள்ளக் கோடுகள். அவை எல்லாம் நடுவிலுள்ள ஒரு வாய்க்காலைப் பார்த்துச் சரிந்திருந்தன. கதவின் கீழ்ப்பாதியின் மேல்விளிம்பைக் குதிரைகள் கடித்துக் கடித்து வளைத்திருந்தன. பிறகு யாரோ அதன்மேல் இரும்புத் தகடு அடித்திருந்தார்கள். தகட்டுக்கு அடியிலும் பல்தடம் இருந்தது. சுவரில் இடுப்பளவு உயரம்வரை வெள்ளை வெள்ளையாய் உப்புப் பூத்திருந்தது. உத்தரத்தில் தகைவிலான் கூடுகள் வரிசையாக ஒட்டியிருந்தன.

அந்த உப்பைக் கவனியுங்கள். தலைமுறை தலைமுறையாகக் குதிரை மூத்திரம் செங்கல்லுக்குள் இறங்கி நைட்ரேட் உப்பாக நிற்கிறது. காற்றிலுள்ள ஈரத்தை அது இழுத்துக்கொண்டே இருக்கும். மேலே சிமெண்ட் பூசினால் சில குளிர்காலத்தில் பூச்சு உப்பிக் கொட்டிவிடும். ஈரம் கீழேயிருந்து ஏறுகிறது என்று நினைத்துச் சுவரில் துளை போட்டு ரசாயனம் ஏற்றுவார்கள், அதனால் பயன் இராது. பழைய பூச்சை எடுத்து, சுவரை ஆறவிட்டு, சுண்ணாம்புப் பூச்சு பூசுவதோ, சுவரைத் தொடாமல் உள்ளே தனிச் சட்டம் நிறுத்துவதோ நல்லது. திட்ட அனுமதி கிடைத்த பிறகு வரும் கட்டுமான விதிகளின் ஆய்வாளர், ஈரத்தையும் குளிர்காப்பையும் அடித்தளத்தையும் விடமாட்டார். பழைய லாயச் சுவர்களுக்கு அடித்தளம் என்று ஒன்று பெரிதாக இருக்காது, அகலமாக வைத்த சில வரிச் செங்கல்தான். கட்டமைப்புப் பொறியாளரின் அறிக்கையை முதலிலேயே வாங்குங்கள். க்யூ வகுப்பு விண்ணப்பத்தின் உயிரே அந்த அறிக்கையில் இருக்கிறது.

பரணில் வௌவால் இருக்கலாம். இங்கிலாந்தில் எல்லா வௌவால் இனங்களுக்கும் சட்டப் பாதுகாப்பு உண்டு. அவை தங்கும் இடத்தைக் குலைப்பது குற்றம். எச்சம் இருக்கிறதா என்று எந்த மாதமும் பார்க்கலாம். இருந்தால், அந்தியில் அவை வெளியேறுவதை எண்ணும் ஆய்வை மே முதல் செப்டம்பர் வரைதான் செய்ய முடியும். அக்டோபரில் என்னிடம் வருகிறவரிடம் அடுத்த மே வரை பொறுங்கள் என்று சொல்லவேண்டியிருக்கிறது. கூடுகட்டிய பறவை இருக்கும்போது கூரையைத் தொடவும் கூடாது. கழிவுநீருக்கு அருகில் சாக்கடை இராது. பழைய செப்டிக் டேங்க்கிலிருந்து நேராக ஓடையில் விடுவது 2020 ஜனவரி 1 முதல் தடை. இந்தச் செலவுகளுக்கு எதிரே ஒரு சலுகை உண்டு. இதுவரை யாரும் குடியிருக்காத கட்டடத்தை வீடாக மாற்றும்போது ஒப்பந்தக்காரரின் வேலைக்கு வாட் வரி 20க்குப் பதில் 5 சதவிகிதம். ஒப்பந்தக்காரருக்கு இது தெரியும் என்று நினைத்துச் சும்மா இருக்காதீர்கள், கையெழுத்துப் போடும் முன்பே பேசிவிடுங்கள்.

கடைசியாக, விதியைப் பற்றி என் கருத்து. குதிரையின் வேலையை வைத்து லாயத்தைப் பிரிப்பதற்குக் காரணம் இருக்கிறது. சவாரி லாயங்களுக்கும் க்யூ வகுப்பு உரிமையைத் திறந்துவிட்டால், நாளைக்கே வயல்தோறும் நாலு லாயம் முளைக்கும், ஐந்தாம் வருஷம் அவை வீடாகும். நாட்டுப்புறத்தைக் காக்க நினைக்கும் எவரும் இந்தப் பயத்தைத் தள்ளிவிட முடியாது. ஆனால் அந்தப் பயம் நூற்றாண்டு பழைய செங்கல் லாயத்துக்குப் பொருந்துவதில்லை. உழவுக் குதிரைக்காகக் கட்டியது அது. உழவுக் குதிரை போனபின் யாரோ ஒரு குழந்தையின் குட்டைக் குதிரை கொஞ்ச காலம் நின்றது. அதற்காக அதன் கூரை விழும்வரை பார்த்துக்கொண்டிருப்பது நியாயம் இல்லை. குட்டைக் குதிரைக்கு இடம் கொடுக்காமல் பூட்டி வைத்தவர் பலன் பெறுகிறார், பயன்படுத்திப் பராமரித்தவர் இழக்கிறார். கூரை ஓட்டை மாற்றியவரும் சாக்கடையைச் சுத்தமாக வைத்தவரும் அந்த இரண்டாமவர்தான்.

சட்டத்தின் கையில் இதற்கு ஒரு தேதி ஏற்கெனவே இருக்கிறது. துணைக்கட்டடங்களின் பாரம்பரியப் பாதுகாப்புக்கு வைத்திருக்கும் 1948 ஜூலை 1. அந்த நாளில் நின்றுகொண்டிருந்த லாயம், பின்னால் வரப்போகும் ஓர் உரிமையை ஏய்ப்பதற்காகக் கட்டப்பட்டிருக்கவே முடியாது. அப்படிப்பட்ட லாயங்களுக்கு, பிற்காலத்தில் எந்தக் குதிரை நின்றிருந்தாலும், முன் ஒப்புதல் வழியைத் திறக்கலாம். பழைய ஆர்டனன்ஸ் சர்வே வரைபடங்களில் பண்ணை முற்றத்தின் ஒவ்வொரு கட்டடமும் இருப்பதால் நிரூபிப்பதும் கடினம் இல்லை. அமைச்சகம் இந்த ஆணையைத் திருத்தும் முன் பொதுமக்களிடம் கருத்துக் கேட்கும். 2023 ஜூலையிலும் கேட்டது. அடுத்த முறை கேட்கும்போது, சிறுபண்ணை வைத்திருக்கும் நீங்கள் உங்கள் லாயத்தின் படத்தோடும் பழைய வரைபடத்தோடும் எழுதி அனுப்புங்கள். பெரிய பண்ணைக்காரர்களின் சங்கங்கள் ஒவ்வொரு முறையும் எழுதுகின்றன.